மெய்ப் போரும் திரைப் போரும்



கலப்புப் போர்க்கலை என்று ஒரு விளையாட்டு உண்டு. எம்.எம்.ஏ. என்று அதனைச் சுருக்கி வழங்குவர். குத்துச்சண்டை, மற்போர், யூடோ, கராத்தே, உதைச்சண்டை ஆகிய பலவும் ஒரே களத்தில், ஒரே விதியின்கீழ் வந்து கலக்கும் போட்டி அது. அந்தப் போட்டியைத் திரையில் ஆடத்தக்க வீடியோ விளையாட்டாக ஆக்கி விற்கும் முயற்சி 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி நடைபெற்று வருகின்றது. புதியதொன்று வரப்போகின்றது என்ற செய்தி பிறக்குந்தோறும், "இம்முறையாவது உள்ளது உள்ளபடி இருக்குமா?" என்று அதன் அன்பர்கள் காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

இது பிள்ளைகளின் பொழுதுபோக்கு, இதனை வானொலியிற் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். விளையாட்டை விற்போர் தம் பண்டத்துக்குச் சூட்டும் பெரும் பெயர் மெய்ம்மை என்பதாகும். "தத்ரூபமானது, உண்மைப் போரே உங்கள் கையில்" என்ற பாங்கிலேயே விளம்பரங்கள் அமைகின்றன. ஒரு பண்டம் மெய்ம்மையைத் தருவதாகச் சொல்லும்போது, எதனுடைய மெய்ம்மை, எவ்வளவு மெய்ம்மை என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டுமாயின், முதலில் அந்தப் போட்டி யாது, அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பழைய கிரேக்க நாட்டிலே பங்கிராத்தியம் என்றொரு போட்டி இருந்தது. கி.மு. 648ஆம் ஆண்டு அது ஒலிம்பிய விழாவிற் சேர்க்கப்பட்டது. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் விலக்கப்பட்டன; மற்றையவை பெரும்பாலும் ஏற்கப்பட்டன. தோற்றவன் விரலை உயர்த்திப் பணிவைத் தெரிவிப்பான். கி.மு. 564இல் அர்ரிகியோன் என்னும் வீரனின் கழுத்தை எதிராளி இறுக்கிக்கொண்டிருந்தான். மூச்சுத் திணறிய நிலையிலும் அர்ரிகியோன் எதிராளியின் காலைப் பற்றி முறுக்கினான். வேதனை தாங்காத எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டான். அதே வேளையில் அர்ரிகியோன் உயிர் நீத்திருந்தான். நடுவர்கள் வெற்றி மாலையை அவனது உடலத்துக்கே சூட்டினர் என்று பழைய நூலாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். இந்தப் போட்டியின் இயல்பை விளக்க இதனினும் சிறந்த கதை வேறில்லை. ஒருவன் தானாகப் பணியும்வரை ஓயாதது இது. பணிவதற்கும் உயிர் போவதற்கும் இடையிலுள்ள வெளியோ மிகக் குறுகியது.

இக்காலத்துக் கலப்புப் போரின் வேர்களுள் ஒன்று யப்பானில் உள்ளது. மிட்சுயோ மாயெடா என்னும் யூடோ வீரர் பல நாடுகளைச் சுற்றி 1914இல் பிரேசில் நாட்டை அடைந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பியரும் அக்கலையைத் தரையிற் கிடந்து போரிடும் முறையாக வளர்த்தெடுத்தனர். வலியவன் மேலே ஏறி இருக்கும்போதும், கீழே கிடக்கும் மெலியவன் அவனுடைய கையையோ கழுத்தையோ பூட்டி வெல்லலாம் என்பது அம்முறையின் சாரம்.

1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரில் முதலாவது அல்டிமேட் ஃபைட்டிங் சம்பியன்ஷிப் நடைபெற்றது. எட்டு வீரர்கள், எண்கோணக் கூண்டு, ஒரே இரவு. எடைப் பிரிவு இல்லை. சுற்றுக் கணக்கு இல்லை. புள்ளியிடும் நடுவர் இல்லை. ஏறத்தாழ 80 கிலோகிராம் எடையுடைய ரோய்ஸ் கிரேசி மூன்று எதிராளிகளையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தே நிமிடத்தில் வென்று பரிசைப் பெற்றார். பருத்த உடலும் வலிய முட்டியும் வெல்லும் என்று எண்ணியிருந்தவர்கள் வியந்தனர்.

வியப்போடு வெறுப்பும் எழுந்தது. 1996இல் செனட்டர் ஜோன் மெக்கெயின் இதனை மனிதரைக் கொண்டு நடத்தும் சேவற்சண்டை என்று கண்டித்து, மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. தடைக்கு அஞ்சி விதிகள் பிறந்தன. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நியூ ஜேர்சி மாநிலக் கட்டுப்பாட்டுச் சபையின் மேற்பார்வையில், பின்னர் ஒருமித்த விதிகள் என்று பெயர்பெற்ற ஒழுங்கின்கீழ் அல்டிமேட் ஃபைட்டிங் சம்பியன்ஷிப் அமைப்பின் முதற் போட்டி நடைபெற்றது. ஐந்து நிமிடச் சுற்று மூன்று, பட்டப் போட்டியாயின் ஐந்து, எடைப் பிரிவுகள், கையுறை, மருத்துவர், போரை நிறுத்தும் அதிகாரமுடைய நடுவர் ஆகிய யாவும் ஒழுங்காயின. 1997 முதல் தடைசெய்திருந்த நியூ யோர்க் மாநிலமும் 2016இல் தடையை நீக்கியது.

இனித் திரைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு ட்ரீம்காஸ்ட் என்னும் கருவிக்காக முதலாவது யூ.எப்.சி. விளையாட்டு வெளியாயிற்று. 2003இல் யப்பானின் பிரைட் போட்டிகளை அடிப்படையாகக் கொண்ட மற்றொன்று வந்தது. 2004க்குப் பின் சில ஆண்டு இடைவெளி. பின்பு 2009 மே மாதத்தில் யூ.எப்.சி. 2009 அண்டிஸ்பியூட்டட் என்னும் விளையாட்டை டி.எச்.கியூ. நிறுவனம் வெளியிட்டது, அதனை ஆக்கியோர் யப்பானின் யூக்ஸ் நிறுவனத்தார். ஐக்கிய அமெரிக்காவில் வெளியான அம்மாதத்திலேயே ஏறத்தாழப் பத்து இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. 2010இலும் 2012இலும் அதன் வழித்தோன்றல்கள் வந்தன. 2010இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வேறு போட்டி அமைப்பினரோடு சேர்ந்து ஈ.ஏ. ஸ்போட்ஸ் எம்.எம்.ஏ. என்ற போட்டிப் பண்டத்தை இறக்கியது. 2012இல் யூ.எப்.சி. உரிமம் அந்த நிறுவனத்தின் கைக்கு மாறியது, டி.எச்.கியூ. அவ்வாண்டின் இறுதியிற் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடியது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 2014, 2016, 2018, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்து விளையாட்டுக்களை வெளியிட்டது.

இத்தனை முயற்சிகளுக்குப் பின்னும் அன்பர்கள் ஏன் நிறைவடையவில்லை? காரணம் விளையாட்டை ஆக்குவோரின் சோம்பல் அன்று. இப்போட்டியின் இயல்பே திரைக்கு அடங்க மறுக்கின்றது. அதனைச் சற்று விளக்குகின்றேன்.

குத்துச்சண்டையைத் திரையில் ஆக்குவது ஒப்பளவில் எளிது. குத்து என்பது தொடக்கமும் முடிவும் உடைய ஒரு செயல். ஒரு விசையை அழுத்தினால் ஒரு குத்து. மற்போரில் அத்தகைய துண்டுகள் இல்லை. ஒருவன் மற்றவனைக் கட்டிப் பிடித்தால், இருவரின் எடையும், இடுப்பின் சாய்வும், முழங்கையின் இடமும் கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பார்ப்பவனுக்கு இருவர் அசையாமற் கிடப்பதுபோலத் தோன்றும் வேளையில், உள்ளே பெரும் பேரம் நடந்துகொண்டிருக்கும். ஓர் அங்குலம் இடுப்பை நகர்த்தினால் வெற்றி. நகர்த்தத் தவறினாற் கழுத்துப் பூட்டு. இந்தத் தொடரோட்டத்தைக் கையடக்கமான கருவியின் சில விசைகளாகவும் இரண்டு குமிழ்த் தண்டுகளாகவும் வெட்டிச் சுருக்குவது எங்ஙனம்?

2009ஆம் ஆண்டு விளையாட்டிலே, தரைப் போரில் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதற்குக் குமிழ்த் தண்டைச் சுழற்ற வேண்டும். பூட்டிலிருந்து விடுபடுவதற்கும் வேகமான சுழற்றலோ விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துதலோ வேண்டியிருந்தது. கையில் வலியெடுத்ததேயன்றி மற்போரின் அறிவு தேவைப்படவில்லை என்று குறை கூறியவர் உளர். 2012இல் வந்தது ஓர் எண்கோணத்தினுள் ஒரு நிறக்கோடு மற்றொரு நிறக்கோட்டைத் துரத்தும் குறுவிளையாட்டாகப் பூட்டினை அமைத்தது. 2014இல் நான்கு திசைக் கதவுகளை அடைக்கும் குறுவிளையாட்டு வந்தது. 2023இல் அத்தகைய குறுவிளையாட்டை நீக்கிவிட்டு, பூட்டையும் விடுபடுதலையும் உடலசைவோடு ஒன்றாக இணைக்க முயன்றனர். இந்த வரிசையைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ஆக்குவோர் ஒவ்வொரு முறையும் மற்போருக்கு ஒரு குறியீட்டைத் தேடியிருக்கின்றனர். குறியீடு மறைந்து போரே தோன்றவேண்டும் என்பதுதான் அன்பர்களின் முதலாவது எதிர்பார்ப்பு. அது நியாயமான எதிர்பார்ப்பு.

அடுத்தது களைப்பு. 2010 ஓகஸ்ட் 7ஆந் திகதி ஓக்லண்ட் நகரில் அண்டர்சன் சில்வாவும் சேல் சொன்னனும் மோதினர். நான்கு சுற்றுக்களிலும் ஐந்தாவதன் முற்பகுதியிலும் சில்வா அடிபட்டுக் கீழேயே கிடந்தார். ஐந்தாஞ் சுற்றின் மூன்று நிமிடம் கடந்தபின், கீழே கிடந்தபடியே தம் கால்களால் எதிராளியின் கழுத்தையும் கையையும் பூட்டி வென்றார். இருபத்து மூன்று நிமிடம் தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் ஒரு கணத்தில் வென்றதன் பொருள் யாது? இருவரும் களைத்திருந்தனர், களைப்பிலே ஒருவர் சிறு தவறு செய்தார், மற்றவர் அதற்காகக் காத்திருந்தார். திரையில் களைப்பு ஒரு கோடாகக் குறுகி மீண்டும் நீள்கின்றது. மெய்யுடலிற் களைப்பு அறிவையே தாக்குகின்றது. எது செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தும் கை எழாது போகின்றது. நாற்காலியில் இருந்து ஆடுபவனின் கை களைக்காதிருக்க, அவன் ஆட்டும் உருவம் மட்டும் களைத்தல் வேண்டும். இதனை முறையாக உணர்த்துவது கலைஞனுக்கு ஏற்ற சவால்.

மூன்றாவது, எதிர்பாராமை. 2007 ஏப்ரலில் ஹூஸ்டன் நகரில், வெல்வார் என்று பெரும்பாலோர் எண்ணாத மற் செரா, பட்டம் வைத்திருந்த ஜோர்ஜஸ் செயின்ற் பியரை முதற் சுற்றிலேயே வீழ்த்தினார். உண்மைப் போரில் இத்தகைய ஓர் அடி முழு ஆயத்தத்தையும் வீணாக்கிவிடும். ஆனால் விளையாட்டை வாங்கி ஆடுபவனோ நீதியை எதிர்பார்க்கின்றான். நன்றாக ஆடியும் ஒரே அடியில் வீழ்ந்தால், "இயந்திரம் என்னை ஏமாற்றிற்று" என்பான். மெய்ம்மை வேண்டும் என்று கேட்பவர்களே மெய்ம்மை வரும்போது முறையிடுவர். ஆக்குவோரின் இக்கட்டினை நாம் மறுத்தல் ஆகாது.

இம்மூன்றும் கலைநுட்பம் சார்ந்தவை. காலமும் கணினியின் வலுவும் இவற்றை மெல்ல மெல்லத் தீர்க்கக்கூடும். காலம் மட்டுந் தீர்க்கமுடியாத வேறு இரண்டு விடயங்கள் உள்ளன.

ஒன்று, அடியின் விளைவு. 2023ஆம் ஆண்டு வெளியான விளையாட்டிலே, முகத்திற் படும் காயங்கள் விரிவாகக் காட்டப்பட்டன. வெட்டுக் காயமோ வீக்கமோ முற்றினால் மருத்துவர் வந்து பார்த்துப் போரை நிறுத்துவதும் சேர்க்கப்பட்டது. அந்தத் தொடரில் முன்பு வந்தவை பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு என அமெரிக்காவில் வகுக்கப்பட்டிருக்க, இது பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு என வகுக்கப்பட்டது. மருத்துவர் வருவதை யான் வரவேற்கின்றேன். கூண்டுக்குள் இரண்டு வீரர் மட்டும் இல்லை, அவர்களைக் காக்கும் பொறுப்புடையவர்களும் உளர் என்பதை அது நினைவூட்டுகின்றது. ஆயினும் இரத்தம் பெருகினால் மெய்ம்மை பெருகும் என்ற எண்ணம் பிழையானது. வெட்டுக் காயம் சில கிழமைகளில் ஆறிவிடும். ஆறாத காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

1928இல் ஹரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், நெடுநாள் குத்துச்சண்டை செய்தவர்களிடம் காணப்பட்ட தடுமாற்றத்தையும் மந்தத்தையும் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடியினால் மூளையில் நீடித்த சிதைவு உண்டாகின்றது என்பதை அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் விரிவாகக் காட்டின. 2011இல் கிளீவ்லண்ட் கிளினிக் என்னும் மருத்துவ நிலையம் லாஸ் வேகாஸ் நகரில் போர் வீரர்களின் மூளை நலத்தை ஆண்டுதோறும் அளந்து பார்க்கும் நெடிய ஆய்வொன்றைத் தொடங்கியது. குத்துச்சண்டை வீரரும் கலப்புப் போர் வீரரும் அதிற் பங்குகொண்டனர். நினைவும், பேச்சும், அடிக்குப் பதில் தரும் விரைவும் காலத்தாற் குறைகின்றனவா என்று அங்கே பார்க்கின்றனர்.

அடிபடுதலுக்கு முன்னரே வரும் ஆபத்தும் ஒன்றுண்டு. எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக, நிறுவைக்கு முன்னைய நாட்களில் வீரர்கள் உடலின் நீரை வற்றச் செய்கின்றனர். உண்ணாமலும் நீர் அருந்தாமலும், வெந்நீரிலும் நீராவி அறையிலும் வியர்த்துக் கிலோக் கணக்கில் எடையைக் குறைக்கின்றனர். 2015 டிசெம்பரில் மணிலா நகரிற் போட்டிக்கு வந்த சீன நாட்டு இளைஞர் ஒருவர், இவ்வாறு எடை குறைக்கும்போதே உயிரிழந்தார். அவருக்கு வயது இருபத்தொன்று. அதன்பின் அந்தப் போட்டி அமைப்பினர் தம் விதிகளை மாற்றி, வீரரின் உடலில் நீர் போதிய அளவு உண்டா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தனர்.

இவற்றையெல்லாம் ஒரு விளையாட்டிற் காட்டவேண்டுமா என்று நேயர்கள் வினவலாம். மகிழ்ச்சிக்காக ஆடுபவன்முன் மருத்துவ மனையைக் கொண்டுவந்து நிறுத்துவது முறையா? சதுரங்கத்திற் குதிரை வீழ்ந்தால் இரத்தம் சிந்துகின்றதா? இக்கேள்வி வலுவுடையது. சதுரங்கம் தன்னைப் போரின் மெய்யுருவம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆதலின் அதனிடம் நாம் கணக்குக் கேட்பதில்லை. தத்ரூபம் என்று சொல்லி விற்கப்படும் பண்டத்திடம் கேட்கலாம். எதைக் கேட்பது என்பதிலும் அளவு உண்டு. எனக்குத் தோன்றுவதைச் சொல்கின்றேன். இந்த விளையாட்டுக்களில் ஒரு வீரனை இளமையிலிருந்து ஓய்வு பெறும்வரை நடத்திச் செல்லும் தொழில்வாழ்க்கைப் பகுதி உண்டு. மெய்ம்மை குடியிருக்க வேண்டிய இடம் அதுவே. இன்று பெற்ற அடி பத்துப் போட்டிகளுக்குப் பின் வந்து கேட்கட்டும். தலையில் அடிபட்டவன் சில திங்கள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லட்டும். அதை மீறினால் என்னாகும் என்பதும் தெரியட்டும். "இன்னும் ஒரு போட்டி" என்ற ஆசைக்கும் உடலின் எச்சரிக்கைக்கும் இடையில் ஆடுபவனே தீர்மானிக்கட்டும். இதனால் விளையாட்டின் சுவை குன்றாது. எப்பொழுது நிறுத்துவது என்பது வீரனின் வாழ்விலே மிகக் கடினமான முடிவு; அந்த முடிவை ஆடுபவன் கையிற் கொடுத்தாற் சுவை மிகும் என்றே எண்ணுகின்றேன்.

மற்றொரு விடயம் வீரனின் முகம். திரையில் தோன்றும் உருவம் கற்பனை உருவம் அன்று. உயிரோடுள்ள ஒருவரின் முகம், அவருடைய பச்சைக் குத்து, அவர் நிற்கும் நிலை, அவர் கையை வீசும் விதம் ஆகியவற்றைப் படமெடுத்தும் அளந்தும் பதிவு செய்கின்றனர். மெய்ம்மை கூடக் கூட அந்த மனிதரிடமிருந்து எடுக்கப்படுவதும் கூடுகின்றது. அதற்கு அவர் எதைப் பெறுகின்றார்?

2008 நவம்பரில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஓகஸ்டிற் பட்டத்துக்காகப் போரிட்ட ஜோன் ஃபிச் என்னும் முன்னணி வீரர், வீடியோ விளையாட்டில் தம் உருவத்தை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தும் உரிமையை எழுதிக்கொடுக்க மறுத்தார். யூ.எப்.சி. அவரை நீக்கியது. ஓரிரு நாளில் அவர் ஒப்பமிட்டார், மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அடுத்த ஆண்டு எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் தன் சொந்த விளையாட்டை ஆக்கப் புகுந்தபோது, அதில் தோன்ற உடன்படும் வீரர்களுக்குத் தம் அமைப்பில் இடமில்லை என்று யூ.எப்.சி. தலைவர் டானா வைற் வெளிப்படையாக அறிவித்தார். பிற்காலத்தில் அவ்விரு தரப்பினரும் கைகோத்துக்கொண்டனர் என்பதை முன்னரே கூறினேன். நிறுவனங்களின் பகை வணிகத்துக்கு ஏற்ப வரும், போகும். இடையில் அகப்பட்ட வீரனுக்கோ பேரம் பேசும் வலு குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எட் ஓ'பனன் என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில் விளங்கியவர். தம்மை ஒத்த உருவம் வீடியோ விளையாட்டொன்றில் ஆடுவதையும், அதற்குத் தமக்கு ஒரு சதமும் வராததையும் அறிந்து, 2009இல் வழக்குத் தொடர்ந்தார். 2014இல் நீதிபதி கிளோடியா வில்கன் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். விளையாட்டை ஆக்கிய நிறுவனமும் உரிமம் வழங்கிய நிறுவனமும் முன்னைய மாணவ வீரர்களுக்குச் சேர்த்து 40 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கின. பல்கலைக்கழக உதைபந்தாட்ட விளையாட்டு பல்லாண்டு நின்றுபோய் 2024இல் மீண்டும் வந்தபோது, அதில் தம் பெயரும் உருவமும் தோன்ற உடன்பட்ட ஒவ்வொருவருக்கும் 600 டொலரும் ஒரு பிரதியும் வழங்க முன்வந்தனர். தொகை பெரிதன்று. ஆனால் கேட்டு வாங்கவேண்டும், வாங்கினாற் கொடுக்கவேண்டும் என்ற நெறி நிலைத்தது. கலப்புப் போர் வீரர்களும் தம் ஊதியம் செயற்கையாகக் குறைத்து வைக்கப்பட்டது என்று 2014இல் யூ.எப்.சி. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தனர். 375 மில்லியன் டொலர் இணக்கத்தோடு 2025இல் அவ்வழக்கு முடிவுற்றது.

ஆகவே, தத்ரூபமான விளையாட்டை எதிர்நோக்கி நிற்பவர் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்பது தகும்: "அந்த முகத்துக்குரியவர் மனமுவந்து கொடுத்தாரா? உரிய பங்கைப் பெற்றாரா?" கண்ணிமையின் மயிர்வரை பதிவு செய்துவிட்டு அவ்வுருவத்துக்குரியவரின் உரிமையை மறந்தால், அது எத்தகைய மெய்ம்மை?

நாம் கேட்பதனால் என்ன நிகழும், பெரிய நிறுவனங்கள் செவிசாய்க்குமா என்ற ஐயம் எழலாம். 2020 ஓகஸ்டில் வெளியான நான்காவது விளையாட்டிலே, விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, காட்சி மீள்காட்டப்படும் இடைவெளியில் முழுத்திரை விளம்பரங்கள் தோன்றத் தொடங்கின. வாங்கியவர்கள் ஒரே குரலாக எதிர்த்தனர். சில நாளிலேயே நிறுவனம் விளம்பரங்களை நீக்கியது. தங்கள் நேரம் திருடப்பட்டபோது குரல் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, வீரர்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கவும் இயலும். உரிமம் ஒரே நிறுவனத்திடம் இருக்கும்போது, பிடிக்காவிட்டால் வேறொன்றை வாங்கலாம் என்ற வழி அடைபடுகின்றது. அந்நிலையில் வாங்குபவரின் கையில் எஞ்சுவது எதிர்பார்ப்பும் அதனைச் சொல்லும் குரலுமே.

இவ்விளையாட்டுக்கள் செய்த நன்மையையும் சொல்லாது விடுதல் முறையன்று. தரையில் இருவர் கிடந்து போராடுவதைக் கண்டு, "எழுந்து அடிபடுங்கள்" என்று கூச்சலிட்ட கூட்டத்தினர் அந்நாளிற் பலர். திரையில் தாமே அந்த நிலைகளை மாற்றி மாற்றி ஆடியவர்கள், கீழே கிடப்பவன் தோற்றவன் அல்லன் என்பதைக் கற்றுக்கொண்டனர். மேலிருப்பவனின் முழங்கால் எங்கே இருக்கின்றது, கீழிருப்பவனின் கால் எதனைச் சுற்றியிருக்கின்றது என்று பார்க்கும் கண் அவர்களுக்கு வந்தது. வெறும் வன்முறையாகத் தோன்றியது அறிவின் போட்டியாகவும் தோன்றலாயிற்று. பார்ப்பவனின் கண்ணைத் திருத்தும் ஆற்றல் விளையாட்டுக்கு உண்டெனின், அவனுடைய நெஞ்சையும் திருத்தும் ஆற்றல் அதற்கு இல்லாமற் போகுமா?

நேயர்களே, அடுத்து வரவிருக்கும் விளையாட்டை எதிர்நோக்கியிருக்கும் இளைஞர்களுக்கு யான் சொல்லக்கூடியது இதுவே. காத்திருங்கள், ஆவலோடு காத்திருங்கள். அதில் குற்றமில்லை. ஆனால் உங்கள் வேண்டுதற் பட்டியலில் மயிரிழையும் வியர்வைத் துளியும் மட்டும் இடம்பெறாதிருக்கட்டும். தரைப் போர் தரைப் போராகவே இருத்தல் வேண்டும் என்று கேளுங்கள். களைப்பு அறிவைத் தடுமாறச் செய்தல் வேண்டும் என்று கேளுங்கள். அடிக்கு நாளடைவில் வரும் விலையும் கணக்கில் ஏறவேண்டும் என்று கேளுங்கள். முகம் கொடுத்தவருக்குப் பங்கு கொடுத்தீர்களா என்று கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உறையின்மேல் அச்சிடப்பட்டுள்ள வயது வரம்பு அலங்காரத்துக்காக இடப்பட்டதன்று. பிள்ளை ஆடும்போது சற்று அருகிலிருந்து பாருங்கள். அந்த வீரர் யார், எந்த நாட்டவர், ஏன் தரையைத் தட்டிப் பணிந்தார் என்று பிள்ளையிடமே கேளுங்கள். தரையைத் தட்டுவது கோழைத்தனம் என்று அவன் சொன்னால், அர்ரிகியோனின் கதையைச் சொல்லுங்கள். மாலை பெற்ற அவன் வீடு திரும்பவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்ட எதிராளி உயிரோடு திரும்பினான். தட்டியவுடன் கையை விட்டுவிட வேண்டும் என்பதே இந்தக் கலையின் தலையாய அறம். திரையில் எத்தனை முறை வேண்டுமாயினும் வீழ்ந்து எழலாம். மெய்யுடலுக்கு அந்த வசதி இல்லை. இதனை அறிந்து ஆடுபவனுக்குத் திரைப்போரினாற் கேடு குறைவு. அவன் மெய்ப்போர் வீரனை மதிக்கவுங் கற்றுக்கொள்வான்.